டம்ளர் மட்டும் தனி

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. சமைக்க வேண்டும், துடைக்க வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிய வேண்டும். இங்கிலீஷ் படித்தவள் சம்பளம் கேட்கக் கூடாது. ராத்திரி கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது. சைவமாக இருந்தால் நல்லது. எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி நடத்துவோம். டம்ளர் மட்டும் தனி.

சென்னையின் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அறிவிப்பு ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. போடுகிறவர் நியூஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பாசக்கார மகன். அம்மா மேல் உயிர். அதனால்தான் கூடத்தில் ஒரு கேமரா, படுக்கையறையில் ஒரு கேமரா. அம்மா புடவை மாற்றுவதும் அதில் தெரியுமே என்றால், "சேஃப்டி முக்கியம் சார்" என்கிறார். எழுபது வயதோடு வெட்கமும் ஓய்வு பெற்றுவிடும் போலிருக்கிறது.

முட்டிவலி தவிர வேறு வியாதி இல்லாவிட்டாலும் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு அம்மா 'பேஷண்ட்'. ஒரு பள்ளிக்கூடத்தையே கண்ணால் அடக்கிய தலைமையாசிரியை, இன்று "பாட்டி, வாயைத் திற" என்ற அதட்டலுக்கு அடங்குகிறார். எப்போது குளியல், காபிக்குச் சர்க்கரை உண்டா, எதுவும் அவரைக் கேட்டு நடப்பதில்லை. சிக்கெடுக்க நேரமில்லை என்று தலைமுடியையும் ஒட்ட வெட்டியாயிற்று. 'அம்மா கேர்' என்று குழு ஒன்று இருக்கிறது. மூன்று பிள்ளைகள், ஒரு மருமகள், ஏஜென்சி மேனேஜர் எல்லாரும் அதில் உண்டு. அம்மா கிடையாது.

பார்த்துக்கொள்ள வந்தவள் மேல் பழியைப் போடுவது சுலபம். இருபத்துநாலு மணி நேர வேலை, வார விடுப்பு கிடையாது, படுக்கை சமையலறைத் தரையில், சம்பளத்தில் ஒரு பங்கு கமிஷன். தன் மானத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்கச் சொல்லப்பட்டவள், உள்ளே வந்து உங்கள் அம்மாவின் மானத்தை எதைக் கொண்டு காப்பாள்?

ஆள் வைக்க வழியில்லாத கிழவிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், டெல்லி பார்த்துக்கொள்கிறது. முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200. ஒரு வாரத்து டயப்பருக்குக் காணாது. மாநில அரசு 2023-ல் மனமிரங்கி ஓய்வூதியத்தை 1,200 ஆக்கியது.

சட்டமும் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படியே விட்டுவிட்டுப் போனால் குற்றம். கேமரா மாட்டிவிட்டுப் போனால் பாசம். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்தாக வேண்டும், அனுப்பும் ஆளுக்குப் பயிற்சி வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா வந்தது. 2024-ல் மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதி. ஒருத்தரும் ஒப்பாரி வைக்கவில்லை.

நியூஜெர்சி மகனே, அந்தக் குழுவில் அம்மாவையும் சேர்த்துவிடுங்கள். அவர் அனுப்பும் முதல் செய்தியைப் படித்துப் பாருங்கள், தைரியமிருந்தால்.