விளக்கைப் பார், வரிசையைச் சொல்

ஸ்டாக்ஹோமில் ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டை மூன்று பேர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர். ஒருநாள் காலை மருந்து அறைக் கதவு முன்னால் நின்றாள். பத்து வருடமாக அழுத்திய நான்கு இலக்க எண் வரவில்லை. எதை எடுக்க வந்தோம் என்பதும் வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்வீடனில் இதற்குப் பெயர் உண்டு: 'உட்மாட்னிங்ஸ்சிண்ட்ரோம்'. ஆளே தீர்ந்துபோகும் நோய். 2005 முதல் அந்நாட்டு நோய்ப்பட்டியலில் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் நெருக்கடியில் கிடந்திருக்க வேண்டும் என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். நெருக்கியவன் பெயரை எழுத மட்டும் படிவத்தில் கட்டம் கிடையாது. கொசு இல்லாத மலேரியா!

சரி, வைத்தியம்? கம்ப்யூட்டர். திரையில் பதினாறு கட்டம். ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு எரியும்; அதே வரிசையில் அழுத்த வேண்டும். எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் பரிசு, இன்னொரு விளக்கு. (வார்டிலும் அதுதானே நடந்தது? நன்றாக வேலை பார்த்தவளுக்குப் பரிசாக இன்னும் நான்கு நோயாளிகள்.) கரோலின்ஸ்கா நிறுவனத்தின் தோர்க்கெல் க்ளிங்பெர்க் ஆராய்ச்சியில் பிறந்த 'காக்மெட்' இந்த ரகத்தில் பேர்போனது. கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. ஐந்து வாரம், 25 அமர்வு. ஸ்வீடனின் உமியோ நகரில், தீர்ந்துபோனவர்களுக்கும் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

பலன் இல்லாமலா? விளக்கு அழுத்துவதில் கெட்டிக்காரி ஆகிவிடுவாள். 2013இல் மெல்பி-லெர்வோக், ஹியூம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த நினைவுப் பயிற்சி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது ஏறக்குறைய அதுதான்: பழகிய வேலையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் கொஞ்ச நாளைக்கு முன்னேற்றம், அதைத் தாண்டிப் பரவியதாகக் காணோம். அமெரிக்காவில் இதே சரக்கை மிகைப்படுத்தி விற்ற 'லூமாசிட்டி' 2016இல் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

ஞாபக வித்தை நமக்கும் புதிதல்ல: முதுகில் விழும் கல்லை எண்ணிக்கொண்டே வெண்பா சொன்ன அவதானிகள் நம்மிடம் இருந்தார்கள். மகா வித்தை. ஆனால் அவர்களில் எவரையும் மூன்று நாள் தூங்கவிடாமல் நைட் டியூட்டி பார்க்க வைத்துவிட்டு மேடையேற்றவில்லை.

எனக்கு எரிச்சல் மென்பொருள் மேல் இல்லை, ஐயா. வார்டுக்கு ஓர் ஆள் போடக் காசில்லை என்று கை விரித்தவர்கள், இருந்த ஆளும் உடைந்த பிறகு அவள் தலையைப் பழுதுபார்க்கக் கிளம்புகிறார்களே, அதன் மேல். வண்டியில் மலையளவு மூட்டையை ஏற்றி மாட்டை விழ வைத்துவிட்டு, மாட்டுக்கு யோகாசனம் சொல்லித்தருகிற கூட்டம் இது. மூட்டை அப்படியே இருக்கிறது. அதை இறக்கச் சொன்னால் பட்ஜெட் இல்லை.

ஸ்வீடனின் காப்பீட்டு அலுவலகமோ நோய்விடுப்பு நாள்களை எண்ணுகிறது. 2008இல் கொண்டுவந்த விதிக்குப் பெயரே 'மறுவாழ்வுச் சங்கிலி'. பெயர் வைத்தவர் உள்ளதை மறைக்கத் தெரியாதவர். 90 நாள் வரை உன் வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். 180 நாள் வரை, அதே முதலாளியிடம் வேறு வேலை முடியுமா என்று. அதற்கப்புறம், நாட்டு வேலைச் சந்தையில் வழக்கமாக உள்ள ஏதாவது ஒரு வேலை. பிற்பாடு கொஞ்சம் தளர்த்தினார்கள், சங்கிலி சங்கிலிதான். 181ஆம் நாள் கோப்பு எப்படி இருக்கும் என்று நானே எழுதித்தருகிறேன்: 'தினமும் நாற்பது நிமிடம் திரை முன் உட்காருகிறார். ஏழு விளக்குகளை வரிசை மாறாமல் அழுத்துகிறார். ஆகவே விளக்கு எரியும் இடமெங்கும் வேலைக்குத் தகுதியானவர்.'

அவளும் திரும்ப வேலைக்குப் போனாள். மருந்து அறை முன் நின்றாள். எண் பளிச்சென்று ஞாபகம் வந்தது. அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. நடுவில் எண்ணை மாற்றியிருந்தார்கள். வார்டில் ஆள் மட்டும் அதே இரண்டு பேர்.