இரவு பத்து மணி வக்கீல்கள்

டைரி எழுதுகிறவர்களைக் கேட்டால் ஏன் எழுதுகிறோம் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மறந்துபோகாமல் இருக்க என்பார் ஒருவர். மன அமைதிக்கு என்பார் இன்னொருவர். தன்னைத் தானே அறிந்துகொள்ள என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவரும் உண்டு. எல்லாமே கேட்க நன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் சொன்னால் பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் அச்சில் வந்திருக்கிற டைரிகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறொரு காரணம் கண்ணில் படும். பகலில் அலுவலகத்திலோ சமையலறையிலோ யாரோ ஒருவர் சுருக்கென்று ஏதோ சொல்லிவிடுகிறார். அதற்குச் சரியான பதில் அந்த இடத்தில் நமக்கு வாயில் வருவதில்லை. இரவு பத்து மணிக்குக் கொசுவலையைச் சொருகும்போதுதான் வருகிறது. எதிராளி அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருப்பார். அருமையான பதில், வீணாகலாமா? டைரி திறக்கப்படுகிறது. என்றைக்கோ, எந்தக் கோர்ட்டிலோ வரப்போகிற ஒரு வழக்குக்கு, நம் தரப்பை இன்றைக்கே எழுதி வைத்துவிடுகிற ஏற்பாடுதான் டைரி என்பது என் கட்சி. வழக்கு என்ன, எதிர்வாதி யார், நீதிபதி யார் என்பதெல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு முதல் சாட்சி பால் கணக்கு. தமிழ்நாட்டில் டைரியே எழுதாத குடும்பம் என்று ஒன்று உண்டென்றால் அது பால் வாங்காத குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். ஜனவரியில் எல்.ஐ.சி. முகவரோ உரக்கடைக்காரரோ கொடுத்துவிட்டுப் போன டைரியிலோ, அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களிலோ, தினமும் ஒரு குறி விழுகிறது. இன்றைக்கு அரை லிட்டர், விருந்தாளி வந்த அன்று ஒரு லிட்டர், பால்காரர் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. இதில் தன்னை அறிதல் எங்கே இருக்கிறது? மாதக் கடைசியில் பால்காரர் முப்பது நாள் என்பார். நாம் இருபத்தெட்டு என்போம். அந்த இரண்டு நாளுக்காகத்தான் மாதம் முழுவதும் எழுதியிருக்கிறோம். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியவர்கள் சொன்னது இந்த இரண்டு நாளை உத்தேசித்துத்தான். பால்காரரும் லேசுப்பட்டவரல்ல, அவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, அதில் நாம் வாங்கிய கைமாற்றுப் பால் எல்லாம் துல்லியமாக ஏறியிருக்கும். இலக்கிய உலகம் இந்த வகை எழுத்தை டைரி என்று ஒப்புக்கொள்வதில்லை. எனக்கோ எல்லா டைரிகளும் இதன் விரிவுரைகளாகத்தான் தெரிகின்றன.

பெரிய உதாரணத்துக்கே போவோம். தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பெரம்பூரில் பிறந்தவர், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி எழுத ஆரம்பித்து, நடுவில் சில இடைவெளிகளோடு, 1761 ஜனவரி வரை எழுதினார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கப்பல் வந்ததையும் போனதையும் எழுதுவதாகத்தான் ஆரம்பிக்கிறார். சொன்னபடி செய்தும் இருக்கிறார். எந்தக் கப்பல் எந்த நாழிகையில் வந்தது, எந்தக் கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள், துணி என்ன விலைக்குப் போயிற்று, யாரைக் கட்டிவைத்து அடித்தார்கள் என்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவே அதில் இருக்கிறது. சரித்திரக்காரர்கள் அவருக்குக் கோயில் கட்டலாம். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களையே அந்தக் குறிப்புகளின் மேல் எழுப்பினார்.

ஆனால் கப்பலும் துணியும் போக மிச்சமிருக்கும் பக்கங்களைப் படித்தால் சிரிப்பு வரும். கவர்னர் பிள்ளையைக் கூப்பிட்டுப் புகழ்கிறார். பிள்ளை அடக்கமாக, எல்லாம் தங்கள் தயவு என்ற தினுசில் பதில் சொல்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து, அந்தப் புகழ்ச்சியையும் தம் அடக்கத்தையும் சேர்த்து விஸ்தாரமாக எழுதி வைக்கிறார். தலைமை துபாஷி கனகராய முதலியார் 1746இல் இறந்த பிறகு அந்தப் பதவிக்கு யார் யார் அடிபோட்டார்கள், யார் எவ்வளவு பணம் தர முன்வந்தார்கள், கவர்னரின் மனைவி அதில் எப்படியெல்லாம் தலையிட்டார் என்பது பால் கணக்கைவிடச் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. மேடம் டூப்ளே மீது பிள்ளைக்கு இருந்த மனத்தாங்கலை மட்டும் தனியாகப் பிரித்து அச்சடித்தால் ஒரு கனமான தொகுதி தேறும். அந்த அம்மாளிடம் நேரில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க முடியுமா? அவர் கவர்னரின் மனைவி; இவர் உத்தியோகஸ்தர். பகலில் கைகட்டி நின்றுவிட்டு இரவில் எழுதினார். பேரேடுகளோடு பேரேடாகக் கிடந்த அந்த எழுத்தை 1846இல் கால்வா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. மேடம் டூப்ளே 1756லேயே பாரிசில் காலமாகிவிட்டார். எதிர்வாதி ஆஜராகாத வழக்கில் பிள்ளை சொன்னதே தீர்ப்பாக இன்றும் நிற்கிறது.

இல்லை, டைரி ஞாபகத்துக்காகத்தான் என்று வாதிடுகிறவர்களுக்கு பதினாறாம் லூயியை நினைவூட்ட வேண்டும். 1789 ஜூலை 14, பாரிசில் ஜனங்கள் பாஸ்டீல் சிறையைக் கைப்பற்றிய நாள். அன்றைக்கு அந்த ராஜாவின் டைரியில் இருப்பது ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ஒரே சொல். அது பிரதானமாக வேட்டைக் கணக்கு, அன்று அவர் எதையும் சுடவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சரித்திர ஆசிரியர்கள் அவருக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். நியாயம்தான். அந்த நியாயம் என் கட்சிக்கும் உதவுகிறது. மனிதன் தனக்கு எதில் வரவு செலவு இருக்கிறதோ அதைத்தான் எழுதுகிறான். உலகம் இடிந்து விழுந்தால் அது மறுநாள் பேப்பரில் வரும். எழுத்தாளர் காஃப்காவும் அப்படித்தான். 1914 ஆகஸ்டில் ஜெர்மனி ரஷ்யாவின் மீது போர் தொடுத்த செய்தியையும், தான் மத்தியானம் நீந்தப் போனதையும் ஒரே மூச்சில், ஒரே எடையில் எழுதிவிட்டு டைரியை மூடிவிட்டார்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. டைரிக்குப் பூட்டு எதற்கு? பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைப்பது எதற்கு? பிறர் பார்ப்பதற்காக எழுதுகிறவன் ஒளிப்பானா? லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் இதற்குச் சரியான பதில். 1660 ஜனவரி முதல் தேதியிலிருந்து 1669 மே கடைசி வரை சுருக்கெழுத்தில் எழுதினார். பெண்கள் விஷயம் வரும் இடங்களில் சுருக்கெழுத்தும் போதாதென்று ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் எல்லாவற்றையும் கலந்தார். அவர் மனைவியின் அப்பா பிரெஞ்சுக்காரர் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்ததைக் கவனிக்கலாம். போகட்டும். கண்பார்வை போய்விடும் என்று பயந்து எழுத்தை நிறுத்தியவர், அதற்குப் பிறகு முப்பத்து நாலு வருஷம் உயிரோடு இருந்தார். ரகசியம் முக்கியமென்றால் அத்தனை வருஷத்தில் அடுப்பு பற்றவைக்க ஒரு நாள் கிடைக்கவில்லையா? அவர் செய்தது வேறு. ஆறு தொகுதிகளையும் அழகாக பைண்டு செய்து, தம் நூலகத்தில் சேர்த்து, அந்த நூலகத்தை கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரிக்குப் போய்ச் சேரும்படி உயில் எழுதினார். 1819இல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் அந்தச் சுருக்கெழுத்தை உடைக்க உட்கார்ந்து மூன்று வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். அந்த எழுத்துமுறையைச் சொல்லித்தரும் புத்தகம் அதே நூலகத்தில் இருந்தது பாவம் அவருக்குத் தெரியாது. பூட்டையும் சாவியையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறவர் திருடனுக்குப் பயந்தவரா, விருந்தாளிக்குக் காத்திருந்தவரா? ஒளித்து வைப்பது இப்போதைக்குப் படிக்காதே என்பதற்குத்தான். வழக்கு நடக்கும்போது வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களை எதிர்த்தரப்புக்குக் காட்டுவாரா என்ன?

டைரி என்றால் என்ன ரகம் என்பது நம் சட்டத்துக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். விசாரணை அதிகாரி தினசரி நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. அதுதான் கேஸ் டைரி; கோர்ட் வட்டாரத்தில் சி.டி. ஃபைல் என்பார்கள். அதை நீதிபதி வரவழைத்துப் பார்க்கலாம், ஆனால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் கையைக் கட்டியும் வைத்தது. எழுதியவரே எழுதிக்கொண்டது அல்லவா. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகமானாலும் அதை மட்டும் வைத்து இன்னொருவர் தலையில் பொறுப்பைக் கட்ட முடியாது என்றது. ஹவாலா வழக்கில், 1991இல் சி.பி.ஐ. கைப்பற்றிய ஜெயின் டைரிகள் நாட்டையே உலுக்கின. அரசியல்வாதிகள் பெயரின் முதலெழுத்துகள், எதிரே தொகைகள். 1998இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத்தான் எடுத்துக் காட்டி, இது மட்டும் போதாது என்று சொல்லிவிட்டது. ஆக, இரவு பத்து மணி வாக்குமூலங்கள் எந்தக் கோர்ட்டிலும் தனியாக நிற்கா. பால்காரர்கள் யாரும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

மன ஆரோக்கியத்துக்காக எழுதுகிறோம் என்கிறவர்களை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் பக்கம் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், வாழ்க்கையில் பட்ட பெரிய அடிகளைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரைப் பார்க்கப் போனது குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், எழுதி முடித்த கையோடு அவர்கள் மனசு முன்பைவிடக் கனத்துத்தான் இருந்தது. பிற்பாடு அவர் அந்த எழுத்துகளின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, அதிகம் பலனடைந்தவர்கள் நாளாக நாளாக ‘ஏனென்றால்’, ‘ஆகையால்’, ‘புரிகிறது’ போன்ற சொற்களைக் கூடுதலாகப் போட்டவர்கள் என்று தெரிந்தது. வெறுமனே அழுது தீர்த்தவர்களைவிட, காரண காரியம் கோத்துக் கதையாகச் சொன்னவர்களுக்குத்தான் உடம்பு தேறியிருக்கிறது. அதாவது, கேஸ் கட்டு தயார் செய்தவர்களுக்கு.

எல்லா டைரியையும் இப்படிச் சிரித்துக்கொண்டே பேசிவிடக் கூடாது. நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942 ஜூனில், பதின்மூன்றாம் பிறந்த நாளன்று கிடைத்த நோட்டில் எழுத ஆரம்பித்தாள். 1944 மார்ச்சில், போர்க்காலக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று நாடுகடந்த டச்சு அரசின் அமைச்சர் வானொலியில் பேசியதைக் கேட்டபின், தான் எழுதியதையெல்லாம் வாசகர்களுக்காகத் திருத்தி எழுதத் தொடங்கினாள். அவளுடைய வழக்கு நிஜமான வழக்கு. அதற்கு மேல் அதில் என் வாதத்தைத் திணிக்க விருப்பமில்லை.

அப்படியானால் ஜனவரி முதல் தேதி ஆரம்பிக்கிற டைரிகள் பொங்கலுக்குள் ஏன் நின்றுபோகின்றன? சோம்பேறித்தனம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வாய்தா வாங்கியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். விடியற்காலை எழுந்தேன், காபி குடித்தேன், ஆபீஸ் போனேன் என்று எத்தனை நாள் எழுதுவது? அதை மறுக்க எதிர்த்தரப்பில் யாரும் இல்லை. அந்த டைரி மே மாதம் ஒரு நாள் திடீரென்று உயிர் பெறுவதைக் கவனியுங்கள். அன்று மச்சினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் யாரோ யாரையோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பக்கம் போதாமல் அடுத்த தேதியிலும் எழுத்து வழிந்திருக்கும். சச்சரவில்லாத ஆண்டு முழுசும் அந்த டைரி பேரப்பிள்ளையின் பெருக்கல் கணக்குக்குப் பயன்படும். குடும்பத்துக்கு அது நல்ல காலம்.

இந்த ஏற்பாட்டில் ஆபத்து ஒன்றே ஒன்றுதான்: எதிர்த்தரப்பும் டைரி எழுத ஆரம்பித்துவிடுவது. டால்ஸ்டாய் 1862இல் கல்யாணத்துக்குச் சற்று முன்பு, ஒளிவுமறைவு கூடாது என்ற உயர்ந்த எண்ணத்தில், தம் பழைய டைரிகளை மணப்பெண் சோபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவர் எதிர்பார்த்தது மன்னிப்பு. சோபியாவும் தனியாக டைரி எழுதினார். நாற்பத்தெட்டு வருஷம், ஒரே கூரையின் கீழ், இரண்டு தரப்பும் மனு மேல் மனுவாகத் தாக்கல் செய்துகொண்டே இருந்தன; ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதும் நடந்தது. கடைசி வருஷமான 1910இல், உலகத்துக்கே உபதேசம் செய்த எண்பத்தோரு வயதுக் கிழவர், தனக்கு மட்டுமே என்று ஒரு டைரி ஆரம்பித்து அதைத் தம் பூட்சுக்குள் ஒளித்து வைத்தார். அந்த வீட்டில் பூட்ஸ் எங்கே இருக்கும் என்று மனைவிக்குத் தெரியாதா? எடுத்துவிட்டார். இரண்டு பேருடைய டைரிகளும் இன்றைக்குப் புத்தகக் கடையில் கிடைக்கின்றன. வாங்கிப் படிக்கிற ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு, நூறு வருஷம் தாண்டியும், ஒத்திவைக்கப்பட்ட அந்த வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.