பறப்போர் பேச்சியல்: அமெரிக்க விமானிகளின் ஓய்வுநேர உரையாடல் பற்றி ஒரு திணை ஆராய்ச்சி

முன்னுரை

வானூர்தி ஓட்டுபவர் தரையில் இறங்கியபின் என்ன பேசுவார் என்பதை நம் இலக்கணிகள் ஆராயாமல் விட்டதற்கு, அவர்கள் காலத்தில் வானூர்தி இல்லை என்று சமாதானம் சொல்லலாம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. அமெரிக்க விமானிகள் பணி முடிந்து ஓட்டல் வேனில் ஏறிவிட்டால் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் பொருள்கள் இரண்டு: ஒன்று சலுகைப் பயணம், மற்றது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டும் வேறுபோலத் தோன்றினும் உள்ளே ஒன்றே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

1. முதற்பொருள்

நிலம்: ஓட்டல் வேன், ஓட்டல் பார், விமான நிலையப் பணியாளர்களின் வண்டி நிறுத்துமிடம். சிறுபொழுது: மாலை. பெரும்பொழுது கார் என்பது சொல்லாமலே விளங்கும்.

காக்பிட் இந்நிலத்தில் அடங்காது. அதற்கு வரலாறு உண்டு. 1974-இல் வட கரோலினாவின் சார்லட் நகருக்கு அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும் வேளையில் விழுந்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறங்கும்போது விமானிகள் அரசியல் முதல் பழைய கார் வரை பேசிக்கொண்டிருந்ததை விசாரணை அறிக்கை பதிவு செய்தது. 1981-இல் விதி பிறந்தது: 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தேவையற்ற பேச்சு கூடாது. இவ்வோரிடத்தில் ஆய்வாளன் சிரிப்பதற்கில்லை. கார்ப் பேச்சுக்கு ஏற்ற இடம் தரைதான் என்று மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. சலுகைப் பயணம்: முல்லை

விமானிக்கும் குடும்பத்துக்கும் பயணம் இலவசம் அல்லது சொற்பச் செலவு. அக்கம்பக்கத்தார் பெருமூச்சு விடுவது இதற்காகவே. ஆனால் காசு கொடுத்தவர் அனைவரும் ஏறியபின் இடம் மிஞ்சினால்தான் இவர் ஏறலாம். அதுவரை ஸ்டாண்ட்பை பட்டியலில் பெயரும், கேட் அருகே பெட்டியும் காத்துக் கிடக்கும். ஆகவே இச்சலுகையின் உரிப்பொருள் இருத்தல், திணை முல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் அதுவே நெய்தலாகத் திரிந்து இரங்கலில் முடியும்.

கேபினில் இடமில்லையெனில் ஜம்ப் சீட் உண்டு. காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கை அது. அதில் அமர அந்த விமானத்தின் கேப்டனிடம் அனுமதி பெற வேண்டும். நேற்று 200 பேரைச் சுமந்து கடல் கடந்தவர், இன்று தாம் வீடு போய்ச் சேர இன்னொருவர் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நிற்கிறார். ஆனால் இது வேனில் பேசப்படுவதில்லை. பேசப்படுவது, என்றோ ஒருநாள் பிசினஸ் கிளாஸ் கிடைத்த கதை. பாரிசுக்குக் கிளம்பி, இடம் கிடைத்த வேறு ஊருக்குப் போனவர், முதலிலேயே அந்த ஊரைத்தான் நினைத்திருந்ததாகச் சொல்வார். இதை அணியிலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் என்னலாமா என்பது ஆய்வுக்குரியது.

3. ஸ்போர்ட்ஸ் கார்: புறம்

முன்னோர் வழக்கு: 1960-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்ற ஜிம் ராத்மன், பின்னர் ஃபுளோரிடாவில் கார் விற்பனையாளரானார், விண்வெளி வீரர்களுக்கு ஆண்டு வாடகை 1 டாலருக்கு கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்க வழி செய்தார். 1969-இல் அப்போலோ 12 வீரர் மூவரும் ஒரே மாதிரிப் பொன்னிறக் கார்வெட் வைத்திருந்தனர். பறப்போர் மரபில் இது மேல்வரிச் சட்டம்.

விமானம் ஓட்டுபவருக்கு வேகம் தட்டுப்பாடா என்று கேட்கலாம். ஆம் என்பதே விடை. அமெரிக்க வானில் 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது. மேலே போனால், எரிபொருள் கணக்கு வேகத்தை முடிவு செய்யும். ஓடுபாதை நீளமும் எடையும் இடம் கொடுத்தால், எஞ்சின் தேய்மானம் கருதிக் குறைத்த விசையிலேயே மேலெழும்புவது வழக்கம். முழு முடுக்கம் தேவைக்கு மட்டுமே.

இதனினும் கொடியது, ஜெட் எஞ்சினுக்குக் குதிரைத்திறன் சொல்வதில்லை. அதன் அளவு உந்துவிசை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும், விமானம் நகராதவரை உந்துதிறன் பூஜ்யம் என்கிறது இயற்பியல். இத்தனை பெரிய எஞ்சினை ஆள்பவரிடம் பெருமையடிக்க ஒரு குதிரைகூட இல்லை. கார்வெட் இசட்06 வாங்கினால் 670 குதிரை. அவற்றை அவிழ்த்துவிடச் சாலைதான் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் மணிக்கு 65 முதல் 75 மைல்தான் எல்லை. மேலும் அக்குதிரைகள் வீட்டு ஷெட்டில் போர்வைக்குள் உறங்க, நாட்கணக்கில் வெயில் காயும் விமான நிலையத்துக்கு வருவது ஓட்டை உடைசலான வேறொரு வண்டி. அதற்கென்றே ‘ஏர்போர்ட் கார்’ என்று தொழில்வழக்கும் உண்டு.

4. மறுப்பும் விடையும்

விண்வெளி வீரர் ஜான் கிளென் கார்வெட்டை நாடாமல் என்எஸ்யூ பிரின்ஸ் என்ற சிறு ஜெர்மன் காரை ஓட்டினாரே, கொள்கை உடையாதோ எனின், உடையாது. அவர் பின்னாளில் செனட்டர் ஆனார். பேசுவதற்கு வேறு பொருள் வைத்திருந்தவர் விதிவிலக்கு.

5. முடிபு

இருக்கை நிறைந்த விமானம் இவருடையது. தமக்கென ஓர் இருக்கை உறுதியில்லை. வேகம் இவர் தொழில். எவ்வளவு வேகம் என்பது பிறர் கணக்கு. கையில் இருந்தும் தமதல்லாத இவ்விரண்டையும் தமதாக்கிக்கொள்ள இவருக்குக் கிடைத்த வழி பேச்சு ஒன்றே. ஆகவே இரண்டும் ஒரே பொருள் என நிறுவப்பட்டது.

இதே வேனின் பின்வரிசையில் அமர்ந்து இவற்றையெல்லாம் கேட்டுவரும் கேபின் பணியாளர்கள் இறங்கியபின் தமக்குள் பேசிக்கொள்வது தனி நூலாக விரியும். அதை அச்சிட விமானிகளின் ஒப்புதல் கிடைக்குமா என்பதே ஐயம்.