சர்க்காருக்கு ஒரு வாய்க்கட்டு

முத்துக்குளித் துறையில் அதிகம் மதிக்கப்பட்ட அதிகாரி சுறாவின் வாயைக் கட்டியவர்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ விவரமாக எழுதி வைத்திருக்கிறார். கடலில் இறங்குகிறவனைப் பெரிய மீன் கடித்துவிடாதபடி பிராமணர்கள் மந்திரம் போடுவார்கள். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. பொழுது சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள், ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாதே! பகலில் சுறாவிடமிருந்து குடிமக்களுக்குக் காவல், இரவில் அதே சுறாவை வைத்து அரசன் சொத்துக்குக் காவல். இத்தனை சிக்கனமான உள்துறை அதற்குப் பிறகு நமக்கு வாய்க்கவில்லை.

அரசனுக்குப் பத்தில் ஒன்று. இடுப்பில் ஒரு துணி, கழுத்தில் பட்டு நூலில் கோத்த 104 முத்தும் மாணிக்கமும், அதை எண்ணி தினமும் 104 ஜபம். துணிச் செலவே இல்லாத அரசாங்கம் பத்து சதவீதத்தில் ஓடியதில் வியப்பில்லை. இன்றைக்கு அந்த விகிதத்தை வாக்குறுதியாகச் சொல்லி ஒருவர் தேர்தலில் நின்றால், டெபாசிட் வாங்குவதற்கு முன்பே அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுவார்கள்.

அதற்கும் முன்னால் நிலைமை இன்னும் சுலபம். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' கொற்கையைப் பற்றிச் சொல்கிறது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள். பங்குப் பேச்சே இல்லை, நூற்றுக்கு நூறு பாண்டியனுக்கு. நாம் கொற்கை முத்து என்று மார்தட்டும்போது இந்த வரியை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

சுறாவுக்கு வாய்க்கட்டு போட ஆள் வைத்த ஊர் இது. பங்கு கேட்டு வாயைத் திறந்தபடி வந்த அரசாங்கங்களுக்குக் கட்டுப்போட யாரை வைத்தது என்று தேடினால் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1530களில் முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்கள் யாருக்கு என்ற சண்டை முற்றியபோது பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு வந்தது. கூடவே ஞானஸ்நானம், ஒரு கேப்டன், வரி எல்லாம் வந்து இறங்கின. கடலில் கப்பல் விட வேண்டுமானால் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். லைசென்ஸ் ராஜ்யத்தை நேரு தொடங்கியதாகச் சொல்பவர்கள் இந்தக் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை.

1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரைத்தான் இந்தக் கரையின் முதல் எதிர்க்கட்சித் தலைவர் என்று சொல்ல வேண்டும். கேப்டன் கோஸ்மே தெ பாய்வாவின் அட்டூழியம் தாங்காமல் 1544இல் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு போர்ச்சுக்கலில் இருந்த நண்பருக்கு எழுதியபோது பொறுமை போய்விட்டது. இங்குள்ள அதிகாரிகள் 'கொள்ளையடி' என்ற வினைச்சொல்லுக்கு இலக்கணத்தில் இல்லாத புதுப்புது உருபுகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற பொருளில் நொந்துகொண்டார். புனிதர் பட்டம் அவருக்குப் பின்னால் கிடைத்தது. புகாருக்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

1658இல் தூத்துக்குடிக்கு டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. பிற்காலத்தில் இதே ஊரிலிருந்து வ.உ. சிதம்பரம் பிள்ளை என்ற இன்னொரு வி.ஓ.சி. வந்து வெள்ளைக்காரக் கம்பெனியின் தூக்கத்தைக் கெடுக்கப்போகிறார் என்று தெரிந்திருந்தால் எழுத்தையாவது மாற்றி வைத்திருப்பார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சிக்கு வருவோம். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூச்சடக்கி இறங்கியவனுக்கு. அரசாங்கத்துக்கு இந்த மூன்றில் இரண்டின் மேல் அப்படி ஒரு மயக்கம். பின்னாளில் அரசியல் சட்டத்தைத் திருத்தவும் அதையே கேட்டது. தன் பங்குச் சிப்பியைச் சர்க்கார் திறந்து பார்ப்பதுகூட இல்லை. ஆயிரம் ஆயிரமாகக் குவித்து மூடியபடியே ஏலம் விட்டுவிடும். உள்ளே முத்தா வெறும் சதையா என்பது ஏலம் எடுத்தவன் தலையெழுத்து. 1968இல் தமிழக அரசு லாட்டரி நடத்தத் தொடங்கியபோது அது புது யோசனை என்று நினைத்தவர்கள் தூத்துக்குடிக்காரர்களாக இருந்திருக்க முடியாது.

சுறா மந்திரக்காரர் வேலையும் தொடர்ந்தது. இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் அவருக்கு ஆங்கிலச் சர்க்காரே சம்பளம் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கில அதிகாரியாக இருந்த டென்னன்ட் எழுதிய காலத்தில் அந்தப் பரம்பரை வேலையைப் பார்த்தவர் ஒரு கத்தோலிக்கர். சுறாவுக்கு மதவேற்றுமை கிடையாது போலும். கடித்தால் அன்றைக்கு மந்திரத்தில் பிழை, கடிக்காவிட்டால் மந்திரம் பலித்தது. எந்தத் தணிக்கை அதிகாரி வந்தாலும் இந்தக் கணக்கில் குறை கண்டுபிடிக்க முடியாது.

சங்கின் கதியும் அதேதான். கடலடியில் தானாக ஊர்ந்து திரியும் சங்கை அனுமதியில்லாமல் எடுத்தால் திருட்டு என்று 1904 வாக்கில் மதராஸ் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். வ.உ.சி. காலியா, லாவோ என்று இரண்டு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் கட்டணம். போட்டி என்று ஒன்று வந்ததும் அந்தக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதற்கும் ஆள் ஏறாதபோது டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாருங்கள் என்றது. அதற்கும் மசியாதவர்களுக்கு ஒரு குடையும் இலவசம். கலர் டிவிக்கும் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மூத்த அண்ணன் அந்தக் குடை. இரண்டு வகை இலவசத்திலும் கொடுத்தவர்கள் கணக்கில் தெளிவாகவே இருந்தார்கள்.

குடைக்கும் ஊர் மயங்கவில்லை என்றதும் சர்க்கார் களத்தில் இறங்கியது. சந்தையில் நடுவராக இருக்க வேண்டிய கலெக்டரும் சப்-கலெக்டரும் ஒரு கம்பெனியின் ஏஜெண்டுகள் போல ஓடியாடினார்கள். ஊரும் சும்மா இருக்கவில்லை. 1908 பிப்ரவரியில் வெள்ளைக்காரர் நடத்திய கோரல் மில்லில் வேலைநிறுத்தம். சுதேசிக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோனார். ஒரு கன்னம் மழமழ, ஒரு கன்னம் சோப்பு நுரை என்று அந்த மனிதர் உட்கார்ந்திருந்த காட்சிக்கு எந்தக் கண்டனத் தீர்மானமும் ஈடில்லை. அதிகாரத்தின் பக்கம் நிற்பவரிடம் கணக்குக் கேட்க நம் ஊர் கண்டுபிடித்த வழிகளில் இதைவிடச் சீக்கிரம் பலன் தந்தது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 12இல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள், அதாவது நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. காலியாவை விலைக்கு வாங்கியது யார் என்றால், அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. நடுவில் சர்க்கார் இன்னொன்றும் செய்தது. கலவரத்துக்குத் தண்டனையாகத் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீசை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டியது. சுட்டவனுக்கும் சாப்பாட்டுச் செலவு சுடப்பட்டவன் வீட்டிலிருந்து.

அப்போது சுடச் சொன்னவர்களுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்துபோனவர்கள் மேல் சுட்டபோது ஆண்டவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள். செத்தவர்கள் பதின்மூன்று பேர். டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. அது உண்மையல்ல, அவருக்கு அவ்வப்போது தகவல் போய்க்கொண்டிருந்தது என்றது அருணா ஜெகதீசன் ஆணையம். அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில், ஆட்சி மாறிய பிறகு. முந்தைய ஆட்சியின் தவறைப் பதிவு செய்வதில் எந்த ஆட்சியும் சுணங்குவதில்லை.

அரசாங்கத்துக்கு எல்லை வேண்டும் என்று தமிழ்நாட்டில் கட்சி கட்டியே சொன்னவர் ராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம் என்று காங்கிரசைத் திட்டித் தீர்த்தார். திட்டியதெல்லாம் சரிதான். ஆனால் 1939இல் மதராசில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்த மாகாணப் பிரதமரும் இவரேதான். இந்தி எதிர்ப்பாளர்களை வண்டி வண்டியாகச் சிறைக்கு அனுப்பியவரும் இவரேதான். நாற்காலியில் இருக்கும்போது ஒரு ராஜாஜி, இறங்கிய பிறகு ஒரு ராஜாஜி. இதில் அவரைத் தனியாகக் குறை சொல்ல மாட்டேன். அதிகாரத்தின் எல்லைக்கோடு இங்கே எல்லாக் கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கொடி மாறியதில் முத்துக்கு என்ன ஆயிற்று? 1928க்குப் பிறகு படுத்துவிட்ட முத்துக்குளிப்பு, 1955இல் மீண்டும் தொடங்கி ஏழு ஆண்டுகள் நடந்தது. பாருக்குச் சொந்தக்காரர் இப்போது மன்னரோ கம்பெனியோ இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம். அதனால் மூச்சடக்கி இறங்கியவன் நிலை உயர்ந்தது என்று சொல்ல ஆசைதான். பெரிய பங்கு எப்போதும் போகிற இடத்துக்கே போனது. எந்தத் தொகுதி வேட்பாளரிடமும் எந்த வாக்காளரும் சிப்பிக் கணக்குக் கேட்டதில்லை.

கடைசி முத்துக்குளிப்பு 1961இல். அந்த வருஷம் நவம்பரில்தான் வ.உ.சி.யாகச் சிவாஜி கணேசன் நடித்த 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்தது. அதற்குப் பிறகு பார்களில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. விஞ்ஞானிகள் காரணம் தேடினார்கள். எனக்கென்னவோ அது ஒத்துழையாமை இயக்கம் என்றே படுகிறது. 1973இல் மத்திய அரசின் கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவைப் பொதித்து வளர்த்து, உருண்டையான முத்தை எடுத்துக் காட்டினார்கள். நல்ல சாதனை, கிண்டலில்லை. பங்கு பிரிக்கிற தகராறும் அதோடு தீர்ந்தது. சிப்பி சர்க்காருடையது, பண்ணை சர்க்காருடையது, முத்தும் முழுசாகச் சர்க்காருக்கே.