பின்கதவும் திண்டுக்கல் பூட்டும்

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உறுதியைச் சோதிக்க, லாட்ஜின் பின்பக்கப் படிக்கட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தால் போதும். தீப்பாதுகாப்பு என்றாலே நமக்குச் சட்டம் போட்டு மாட்டிய தடையில்லாச் சான்றும், அதனடியில் காலாவதியான சிவப்பு உருளையும்தான். ஆளைக் கொல்வதோ பெரும்பாலும் புகை. 2024 டிசம்பர் 12 இரவு, எங்கள் ஊர்த் திருச்சி சாலைத் தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள்ளும் ஆட்கள் மயங்கிக் கிடந்தார்கள். ஆக, ஆய்வுக்கு வருகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே: கரண்ட் போன இருட்டில், மூன்றாம் மாடியில் தூங்குகிறவர் எந்த வழியாக இறங்குவார்?

பூட்டாவிட்டால் திருடன் வருவான், வாடகை தராமல் ஆள் நழுவுவான் என்பார்கள் முதலாளிகள். நியாயம்தான். ஆனால் உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும் கதவு உலகத்தில் இருக்கிறது; நழுவுகிறவனுக்காகத்தானே அட்வான்ஸ் வாங்குகிறீர்கள்? சின்னக் கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். மாடிப்படியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை நகர்த்த எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், “தீபாவளிச் சரக்கு சார், பொங்கலுக்குள்ள எடுத்துருவோம்” என்று பதில் வரும். பொங்கலுக்கு வேறு சரக்கு வரும்.