எங்கே குடியேறுவது?

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றல். கணவருக்கு வேலை சோழிங்கநல்லூரில். பிள்ளைகளுக்கு வயது 2, 4. வீடு எங்கே பார்க்கலாம்?

பதில்: புரோக்கர் காட்டும் எல்லா வீடும் ஸ்டேஷனிலிருந்து 'அஞ்சு நிமிஷம்'தான். எந்த வாகனத்தில் என்பதை மட்டும் சொல்லமாட்டார்!

உதாரணத்துக்கு, வேளச்சேரியில் பறக்கும் ரயில் உண்டு, கடைகண்ணி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகும் உண்டு. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தெருக்களில் வெள்ளம். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம். தண்ணீருக்குத் தன் பழைய விலாசம் மறப்பதில்லை. விவரம் தெரிந்தவர்கள் தெருவில் தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை, எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்கிறார்கள். மதில் சுவரின் நீர்க்கறையும் பொய் சொல்லாது.

மூத்ததற்குப் பள்ளி முடிவானபின் வீடு தேடுவதே நல்லது. இல்லையென்றால் எல்.கே.ஜி. குழந்தை அப்பாவைவிட அதிக நேரம் வேனில் இருக்கும்.

அட்வான்ஸ்? தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, வேறு உடன்பாடு இருந்தாலொழிய. அந்த 'இருந்தாலொழிய' வழியாகத்தான் பல வீட்டுக்காரர்களின் 10 மாத அட்வான்ஸ் உள்ளே வருகிறது. பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

இப்போதைக்கு வாடகை வீடே போதும். ஓர் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தபின் சொந்த வீடு பற்றி யோசியுங்கள்.