சோழனுக்குத் தேன்

எங்கள் வீட்டு நாயின் பெயர் சோழன். திருவையாற்றில் பிறந்த நாட்டுநாய்க்கு இதைவிடச் சின்னப் பெயர் வைத்தால் ஊருக்கு இழுக்கு என்று நான் வைத்தது. வீரம் பெயரோடு சரி. தீபாவளி வெடிச் சத்தம் கேட்டதும் அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறான். எனக்கு இடம் இருப்பதில்லை.

வைகாசி மத்தியானத்தில் அவன் திண்ணையில் கால் நீட்டிக் கிடந்ததைப் பார்த்து எதிர்வீட்டு மாமா தீர்ப்பு சொன்னார்: "ஒடம்புல தெம்பு இல்ல தம்பி. தெனம் ஒரு கரண்டி தேன் குடு. அப்புறம் பாரு ஓட்டத்தை." மாமா கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதுதான். ஆனால் அங்கே போக பஸ் சார்ஜ் ஆகும்; மாமாவின் யோசனை ஓசி. அதே திண்ணையில் அதே நேரத்தில் நானும்தான் கால் நீட்டிக் கிடந்தேன். என் தெம்பைப் பற்றி மாமா வாய் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, ஒங்களைத்தான் டாக்டர் இனிப்பே தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே. நாய் பேரைச் சொல்லித் தேன் பாட்டில் வீட்டுக்குள்ள வருதா?" மனைவிகளுக்கு இந்த மோப்ப சக்தி எங்கிருந்து வருகிறதோ, சோழனுக்குக்கூட இல்லை.

தேனுக்கு நம் ஊரில் எங்கே போவது? கண்ணுக்கு எட்டியவரை வயல்தான். நெல்லோ தன் மகரந்தத்தைத் தானே வைத்துச் சமாளித்துக்கொள்கிற பயிர், அதன் பூவில் தேன் கிடையாது. தென்னை, புங்கன், வேம்பு, எள் என்று அலைகிற தேனீ கொஞ்சம் சேர்க்கும். 1910களில் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த தேனீப் பெட்டி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் நமக்குக் கொல்லிமலையோ மார்த்தாண்டமோ தேன் அனுப்பினால்தான் உண்டு. கிடைக்கிற தேனிலும் சாமிக்குத்தான் முதல் பங்கு. கும்பகோணம் பக்கம் திருப்புறம்பியத்தில் பிரளயம் காத்த விநாயகருக்கு விநாயகர் சதுர்த்தி இரவு முழுக்கத் தேன் அபிஷேகம் நடக்கும். அதைச் சொன்னதும் மாமா விடவில்லை. "நாய் யாரு? பைரவர் வாகனம்!" பைரவரையே சாட்சிக்கு அழைத்த பிறகு என்ன பேச முடியும்? பாட்டில் வந்தது.

வந்த அன்றே சிக்கல். "நல்ல தேனை நாய் நக்காதுங்க. நக்குச்சுன்னா கலப்படம்" என்றாள் மனைவி. நம்மூரில் தேனைச் சோதிக்க மை உறிஞ்சும் தாள், தீக்குச்சி, தண்ணீர் டம்ளர் ஆகியவற்றோடு நாயையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். சோழன் நக்கினால் அது தேனில்லை, தெம்பு வராது. அசல் தேன் என்றால் நக்கமாட்டான், அப்போதும் தெம்பு வராது. எப்படிப் பார்த்தாலும் வந்தது செலவு மட்டும்தான்.

சோழன் தட்டை நக்கி, தரையை நக்கி, என் கையையும் நக்கினான். இதில் அதிசயம் இல்லை. எங்கள் பூனைக்கு முன் திருவையாற்று அசோகா அல்வாவையே வைத்தாலும் திரும்பிப் பார்க்காது, பூனை நாக்குக்கு இனிப்பு தெரியாது. நாய்க்கு நன்றாகத் தெரியும். தேனோ வெறும் பாகோ, இரண்டையும் ஒரே மரியாதையோடு நக்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்து, 3 மட்டுமே எல்லாச் சோதனையிலும் தேறின என்று அறிவித்தது. ஜெர்மனி ஆய்வகம் வரை போக வேண்டியிருந்த வேலையை நாம் சோழனின் நாக்கிடம் ஒப்படைத்திருக்கிறோம். தேனில் அரிசிப் பாகு கலக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே முன்னதாக எச்சரித்திருந்தது. நெல் பூவில் தேன் இல்லாத குறையைக் கலப்படக்காரர்கள் தீர்த்துவைத்துவிட்டார்கள்.

அசலாகவே இருந்தாலும் தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 20 கலோரி. இன்சுலின் போடும் நாய்க்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்வார்கள். அப்போது தேன் நிஜமாகவே உயிர் காக்கும். திண்ணையில் தூங்குகிற நாய்க்கு அது ஒரு வாய் இனிப்பு, அவ்வளவுதான்.

அவன் தெம்புக்கு வழி சோற்றுப் பானையிலேயே இருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடியிருப்பதாக 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதன் போட்ட மிச்சத்தைத் தின்று தின்று உடம்பே மாறிய பிராணி அது. தஞ்சாவூர்ச் சோறும் துண்டு மீனும் கிடைக்கிறவனுக்குத் தெம்பு எப்படிக் குறையும்? பாட்டில் இப்போது மனைவியின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. பூட்டு சோழனுக்காக இல்லை.

உங்கள் நாய்க்கும் ஆசைப்பட்டால் எப்போதாவது அரைத் தேக்கரண்டி போதும். குட்டிக்கும், சர்க்கரை உள்ள நாய்க்கும், பருத்த நாய்க்கும் வேண்டாம். நாய் நாள்கணக்கில் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், மாமாவிடம் வேண்டாம். பழைய சோறு வைப்பதானால் தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்தை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். நாய்க்கு வெங்காயம் விஷம்.